அண்ணன் கையில் இருந்த சாவி

எங்கள் வீட்டில் கணினி ஒன்று, ஆள்கள் ஐந்து பேர். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, நான் பகுதி நேர வேலை செய்து வாங்கியிருந்த பழைய மேசைக் கணினிதான் குடும்பத்துக்கே கணினி ஆனது. தங்கச்சிக்கும் தம்பிக்கும் இல்லிருப்புக் கற்றல். எனக்குக் கல்லூரி வகுப்பு. அப்பாவுக்கு வருமான வரிப் பாரம். அம்மாவுக்கு யூடியூப்பில் சமையலும் சஷ்டிக் கவசமும். எல்லாரும் ஒரே கணக்கில்தான் இருந்தோம்.

அந்தக் கூத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்புதான். தம்பியின் வகுப்பில் ஆசிரியர் வருகை எடுக்கும்போது திரையில் அப்பா பெயர் இருக்கும். தங்கச்சியின் பள்ளிப் பாடம் என் மின்னஞ்சலிலிருந்து போகும். ஒரு நாள் தம்பி இடம் பத்தவில்லை என்று என் கல்லூரிக் கட்டுரையை அழித்துவிட்டு விளையாட்டு ஒன்றை இறக்கி வைத்திருந்தான். அதோடு வைரஸும் வந்து சேர்ந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்து ஆளுக்கொரு கணக்கு திறந்து கொடுத்தேன்.

"எனக்கு எதுக்குய்யா தனி கணக்கு? நான் என்ன ஆபீஸ்லயா வேலை செய்யறேன்?" என்றார் அம்மா. தம்பி 'கடவுச்சொல்' என்பதைக் 'கடவுள் சொல்' என்று படித்தான். படித்தது தவறு என்றாலும் நடந்தது அதுதான். ஐந்து கணக்குக்கும் நான் வைத்த கடவுச்சொல்லில் முருகன் இருந்தார், பின்னால் ஆளுக்கு ஒரு எண்.

விண்டோஸில் கணக்கு இரண்டு வகை என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஒன்று நிர்வாகி, இன்னொன்று சாதாரணப் பயனர். சாதாரணப் பயனர் தன் கணக்கில் எழுதலாம், படிக்கலாம், படம் பார்க்கலாம். ஆனால் கணினி முழுவதையும் தொடுகிற மென்பொருள் எதையும் நிர்வாகியின் கடவுச்சொல் இல்லாமல் ஏற்ற முடியாது. இது நல்ல ஏற்பாடு. தெரியாமல் கண்டதைச் சொடுக்கிவிட்டாலும் சேதம் குறையும். நிர்வாகியோ எல்லாவற்றையும் செய்யலாம். அடுத்தவர் கடவுச்சொல்லை மாற்றலாம். அடுத்தவர் கோப்புறைக்குள்ளும் போகலாம்.

நான் நிர்வாகி. மற்ற நால்வரும் சாதாரணப் பயனர். யார் நிர்வாகி என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை, விவாதமும் இல்லை. தெரிந்தவன் நான்தானே? லாரி ஓட்டி எங்கள் நால்வரையும் காப்பாற்றுகிற அப்பா அந்தக் கணினியில் சாதாரணப் பயனர். விளக்கிச் சொன்னபோது, "அப்போ இனிமே நீதான்டா வீட்டுத் தலைவன்," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சில வருடம் கழித்து, தங்கச்சி எஸ்பிஎம் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த நாள்கள். அம்மா ஒரு மாலை என்னிடம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ராத்திரி பதினொரு மணிக்கு அதுல என்னமோ தட்டிக்கிட்டே இருக்கா. நான் பக்கத்துல போனா மூடிடறா. யார்கிட்டயாவது பேசறாளோ என்னமோ. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, கொஞ்சம் பாரேன்யா," என்றார்.

நான் தயங்கினேன். அது அவளுடைய கணக்கு, நான் எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன். அம்மா ஒரே வார்த்தையில் என்னை மடக்கினார். "எல்லாருடைய கணக்கையும் சித்திரகுப்தன் பார்க்கலையா? அண்ணன்காரன் தங்கச்சி கணக்கைப் பார்த்தா என்ன குறைஞ்சிடும்?" தெலுக் இந்தானில் வளர்ந்தவர்கள் நாங்கள். சித்ரா பௌர்ணமிக்குத் தேர் பார்த்துப் பழகிய பிள்ளைகளிடம் சித்திரகுப்தனைக் காட்டிப் பேசினால் பதில் சொல்வது கஷ்டம்.

மறுநாள் மதியம் அவள் வீட்டில் இல்லை. என் கணக்கிலிருந்தே அவள் கோப்புறையைச் சொடுக்கினேன். சின்னதாக ஒரு பெட்டி திரையில் வந்தது. இந்தக் கோப்புறையைத் திறக்க உங்களுக்கு இப்போது அனுமதி இல்லை, நிரந்தரமாக அனுமதி பெற வேண்டுமென்றால் தொடருங்கள் என்ற பொருளில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. நான் அரை விநாடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. 'நிரந்தரமாக' என்ற சொல் அங்கே இருந்ததே பிறகுதான் என் புத்தியில் உறைத்தது.

உள்ளே காதலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. 'அப்பாவுக்கு 1', 'அப்பாவுக்கு 2' என்று நான்கு கோப்புகள் இருந்தன. ஒரே கடிதம், நான்கு முறை எழுதிப் பார்த்திருக்கிறாள்.

அப்பாவுக்கு அவளை ஒரு தனியார் கல்லூரியில் சேர்த்து மருந்தாளுநர் ஆக்க வேண்டும் என்று ஆசை. அந்தச் செலவுக்காக அம்மாவின் சங்கிலியை விற்பதா, கடன் வாங்குவதா என்று அப்பாவும் அம்மாவும் ஓர் இரவு பேசியதை அவள் படுத்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். அது வேண்டாம், நான் ஆறாம் படிவம் போகிறேன், அதில் செலவு குறைவு, எஸ்டிபிஎம் எழுதியும் பல்கலைக்கழகம் போகலாம் என்பதுதான் கடிதத்தின் சாரம். ஆனால் நீங்கள் பேசியதை நான் கேட்டுவிட்டேன் என்று சொன்னால் அப்பாவின் மனம் உடைந்துவிடும் என்று அவளுக்குப் பயம். முதல் கடிதத்தில் அந்த விஷயம் நேராக இருந்தது. இரண்டாவதில் பாதிதான் இருந்தது. நான்காவதில் சங்கிலியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆறாம் படிவம் தனக்குப் பிடித்திருக்கிறது என்று மட்டும் எழுதியிருந்தாள். பதினேழு வயதுப் பெண் இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து செய்த வேலை அதுதான். அப்பாவுக்கு வலிக்காத மாதிரி உண்மையைச் சொல்ல ஒரு வழி தேடியிருக்கிறாள்.

அதைப் படித்த பிறகாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அம்மா கேட்டதும், "காதல் எல்லாம் ஒண்ணும் இல்லைமா. நீங்க சங்கிலி விக்கப் போறது தெரிஞ்சு, ஃபார்ம் சிக்ஸ் போறேன்னு நினைக்கிறா," என்று சொல்லிவிட்டேன். நல்ல செய்தி கொண்டுவந்த மாதிரி சொன்னேன். அம்மாவுக்கு நிம்மதி. அந்த நிம்மதியில் அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் இரவுச் சாப்பாட்டில் அப்பா தட்டைத் தள்ளி வைத்தார். "நகையை விக்கறதும் வாங்கறதும் எங்க பாடு. உனக்கு யாரு சொன்னது? அப்பனால முடியாதுன்னு நினைச்சிட்டியா?" அவர் கோபப்பட்ட மாதிரி இருந்தது, ஆனால் அது கோபம் இல்லை. தங்கச்சி அப்பாவைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். "அண்ணே, நீ படிச்சியா?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் ஆறாம் படிவம்தான் போனாள். அப்பாவும் சமாதானமாகிவிட்டார். வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்த நான்காவது கடிதம் அப்பா கைக்குப் போகவே இல்லை. அவர் கேட்டது என் வாயிலிருந்து அம்மா வழியாகப் போன ஒரு வரியைத்தான். அதுவும், அவள் எதை மறைக்க அவ்வளவு பாடுபட்டாளோ சரியாக அந்த வரியை. நான் அவளிடமிருந்து எடுத்தது ஒரு ரகசியத்தை மட்டும் என்றால் மன்னிப்புக் கேட்டு முடித்திருக்கலாம். சொல்வது அவளுடைய உரிமை. எப்போது, எந்த வார்த்தையில், எவ்வளவு சொல்வது என்பதெல்லாம் அவள் கையில் இருந்தது. அதை நான் எடுத்துச் செலவழித்துவிட்டேன்.

நம் இயக்கத்தின் ஞாயிறு வகுப்பில் இதைப் பெயர் சொல்லாமல் ஒரு கேள்வியாக வைத்தேன். யாரோ ஒரு வீட்டில் நடந்த மாதிரி. (என் முகத்தைப் பார்த்துப் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும்.) மறைக்க ஒன்றும் இல்லாதவனுக்குக் கடவுச்சொல் எதற்கு என்றார் ஒருவர். இன்னொருவர், இந்தத் 'தனியுரிமை' எல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு, நாம் கூட்டுக் குடும்பமாக வாழ்ந்தவர்கள், நமக்குள் ஒளிவு மறைவு ஏது என்றார். இரண்டாவது பேச்சுக்குத்தான் கைதட்டல் அதிகம்.

எனக்கு அப்போது பாட்டியின் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. பாட்டி தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர். சின்ன வீடு. ஒன்பது பேர். அதில் ஒரு தகரப் பெட்டி பாட்டிக்குச் சொந்தம். சாவி முந்தானையில் முடிந்திருக்கும். உள்ளே என்ன இருந்தது என்று தாத்தாவுக்கே தெரியாது என்பார் அப்பா. பாட்டி குளிக்கப் போகும்போது சேலையோடு சாவி கொடியில்தான் தொங்கும். ஒன்பது பேரில் ஒருவர்கூட எடுத்ததில்லை. பெட்டி என்ன, ஓர் ஆணியால் நெம்பினாலே திறந்துகொள்ளும். அந்த லயத்தில் யாரும் ஆங்கிலப் புத்தகம் படித்துத் தனியுரிமையைக் கற்றுக்கொள்ளவில்லை. அறை இல்லாத வீட்டில்தான் பெட்டிக்கு மரியாதை அதிகமாக இருந்தது. ஐந்து பேருக்கு ஒரே கணினி இருக்கிற எங்கள் வீடும் ஒரு லயம்தான். நான் திறந்தது தங்கச்சியின் தகரப் பெட்டி.

மகாபாரதத்தில் எனக்கு வேண்டிய கதையே இருக்கிறது. சிறுவயதில் கதை வகுப்பில் கேட்டு மறந்துபோனதை மறுபடியும் எடுத்துப் படித்தேன். பாண்டவர் ஐவரும் திரௌபதியோடு வாழ்ந்த காலத்தில், நாரதர் சொல்லித் தங்களுக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். ஒருவர் அவளோடு தனியே இருக்கும் இடத்துக்குள் இன்னொருவர் போகக் கூடாது, போனால் பன்னிரண்டு ஆண்டு காட்டுக்குப் போக வேண்டும். ஒரு நாள் ஓர் அந்தணரின் பசுக்களைத் திருடர்கள் ஓட்டிக்கொண்டு போகிறார்கள். அவர் வந்து கதறுகிறார். ஆயுதங்கள் இருந்ததோ தருமர் திரௌபதியோடு இருந்த அறையில். அர்ச்சுனன் உள்ளே போகிறான், ஆயுதம் எடுக்கிறான், பசுக்களை மீட்கிறான். பிறகு அண்ணன் முன்னால் வந்து நின்று, நான் விதியை மீறிவிட்டேன், காட்டுக்குப் போகிறேன் என்கிறான்.

போகாதே என்கிறார் தருமர். அதற்கு அவர் சொல்லும் காரணம்தான் என்னைப் பிடித்து உலுக்கியது. மூத்தவன் இருக்கும் இடத்துக்குள் இளையவன் நுழைந்தால் குற்றமில்லை, இளையவன் இருக்கும் இடத்துக்குள் மூத்தவன் நுழைவதுதான் முறை தவறியது என்கிறார். நம் வீடுகளில் இதைத் தலைகீழாக அல்லவா வைத்திருக்கிறோம்? தம்பி அண்ணன் கைப்பேசியைத் தொட்டால் அடி விழும். அண்ணன் தம்பியின் கைப்பேசியை நோண்டினால் அதற்குப் பெயர் 'பொறுப்பு'.

அர்ச்சுனன் அந்தச் சலுகையை வாங்கிக்கொள்ளவில்லை. அறத்தில் சாக்குப்போக்கு கூடாது என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போனான். அவன் செய்தது தவறான காரியம் என்று கதை சொல்லவில்லை. பசுக்கள் உண்மையிலேயே போய்க்கொண்டிருந்தன. மறுபடி அப்படி நடந்தாலும் அவன் உள்ளே போவான் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நல்ல காரணம் இருந்ததால் மீறலே நடக்கவில்லை என்று அவன் ஆக்கிக்கொள்ளவில்லை. காரணத்தையும் சொன்னான், விலையையும் கொடுத்தான். யாரும் பார்க்காதபோது நுழைந்து, யாருக்கும் தெரியாமல் வெளியே வந்திருந்தால் அது வேறு கதை.

என் வழக்கை இதில் வைத்துப் பார்த்தேன். பசு எங்கே? யாரும் வந்து கதறவில்லை. ஒரு பெண் பிள்ளை இரவில் தட்டச்சு செய்தாள், அவ்வளவுதான். அவள் உயிருக்கோ மானத்துக்கோ ஆபத்து என்று நினைக்க எனக்கு எந்த அறிகுறியும் இல்லை. இருந்திருந்தால் நான் திறந்தது சரி என்றே இன்றைக்கும் சொல்வேன். வீட்டுப் பிள்ளை யாரோ மோசடிக்காரனிடம் சிக்கியிருக்கிறான், சூதாட்டத்தில் பணத்தை விடுகிறான், செத்துப் போகலாமா என்று நினைக்கிறான் என்று தெரிந்தால், புகை வருகிற அறைக் கதவை உடைக்கிற மாதிரி உடைக்கத்தான் வேண்டும். ஆனால் உடைத்த பிறகு அவன் முன்னால் நின்று, உன் கதவை நான்தான் உடைத்தேன் என்று சொல்ல வேண்டும். நான் அதையும் செய்யவில்லை. அவளாகக் கண்டுபிடித்துக் கேட்கிற வரைக்கும் மூன்று நாள் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அம்மாவின் சித்திரகுப்தனுக்கும் எனக்கு இப்போது பதில் கிடைத்திருக்கிறது. காஞ்சிபுரத்தில் அவருக்குத் தனிக் கோயிலே இருக்கிறது. கையில் ஏடும் எழுத்தாணியுமாக உட்கார்ந்திருப்பார். எல்லாருடைய கணக்கையும் பார்க்கிறார், உண்மைதான். ஆனால் தங்கச்சி கணக்கை எடுத்து அம்மாவிடம் படித்துக் காட்டுகிறாரா? பெயரிலேயே 'குப்தம்' இருக்கிறது, மறைவு என்று அர்த்தம். கடவுள் பார்க்கிறார் என்பதால் நாமும் பார்க்கலாம் என்பது, கடவுள் உயிரை எடுக்கிறார் என்பதால் நாமும் எடுக்கலாம் என்கிற மாதிரி. இதை அம்மாவிடம் சொன்னபோது, "ரொம்பப் படிச்சிட்ட லா நீ," என்றார். மறுக்கவில்லை.

திருக்குறளில் உளவு பார்ப்பதற்கென்றே ஓர் அதிகாரம் உண்டு, 59-ஆவது, ஒற்றாடல். அது இருப்பது பொருட்பாலில், அரசனுக்குச் சொன்ன பகுதியில். இல்லறவியலில் அப்படி ஓர் அதிகாரத்தை வள்ளுவர் வைக்கவில்லை. ஒற்றாடலுக்கு நேர் முன்னால், 58-ஆவதாக, கண்ணோட்டம் இருக்கிறது. இன்று நாம் அந்தச் சொல்லைப் 'பார்வைக் கோணம்' என்ற பொருளில் எழுதுகிறோம். வள்ளுவர் சொல்வது, பழகியவர்மேல் கண் போகும்போது கூடவே போகிற இரக்கம். உளவாளி வைக்க உரிமையுள்ள அரசனுக்கே முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் ஒற்றனைப் பற்றிப் பேசுகிறார்.

இதையெல்லாம் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும். அப்படியென்றால் பதினோரு வயதுத் தம்பியையும் அவன் இஷ்டத்துக்கு விட்டுவிடுவதா? விட மாட்டேன். பதினோரு வயதும் பதினேழு வயதும் ஒன்றல்ல. அவன் கணக்கு பிள்ளைகளுக்கான கணக்காகத்தான் இருக்கிறது. எவ்வளவு நேரம், எந்தத் தளம் என்பதற்கெல்லாம் கட்டுப்பாடு உண்டு. கணினி கூடத்தில்தான் இருக்கும். ஆனால் அவனுக்கு அது தெரியும். அப்பா பார்ப்பார், அண்ணன் பார்ப்பான், பார்க்கும்போது நீயும் பக்கத்தில் இருப்பாய் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறோம். அவன் முறைக்கத்தான் செய்கிறான். முறைக்கட்டும். தெரிந்து காவல் இருப்பது வேறு, ஒளிந்து எட்டிப்பார்ப்பது வேறு.

தங்கச்சியிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவள், "சரி, விடு," என்று சொல்லவில்லை. "இப்பவும் உன்னால என் ஃபோல்டரைத் திறக்க முடியுமா?" என்று கேட்டாள். அவளையே பக்கத்தில் உட்கார வைத்து, அந்தக் கோப்புறையின் அனுமதிப் பட்டியலைத் திறந்து காட்டினேன். அவள் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரும் இருந்தது. அன்று 'தொடர்க' என்று சொடுக்கியதில் வந்து உட்கார்ந்தது. அவள் முன்னாலேயே நீக்கினேன். "நீ படிச்சதை?" என்றாள். அதற்கு என்னிடம் பொத்தான் இல்லை.

அதன் பிறகு அப்பாவிடம் சொல்லி ஏற்பாட்டை மாற்றினோம். என் கணக்கும் இப்போது சாதாரணக் கணக்குதான். நிர்வாகிக்கென்று தனியாக ஒரு கணக்கு, அதை யாரும் தினசரி பயன்படுத்துவதில்லை. அதன் கடவுச்சொல்லை ஆளுக்குப் பாதியாக அப்பாவும் தங்கச்சியும் தட்டினார்கள். இரண்டு பாதியையும் தனித்தனித் தாளில் எழுதி, மடித்து, மீந்துபோன ஊதா நிற தீபாவளி அங்பாவ் உறை ஒன்றில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டோம். உறை சாமி மேடையில் முருகன் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. திறந்தால் கிழியும், கிழித்தால் தெரியும். கணினி தெரிந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். இதைத் தாண்டிப் போக வேறு வழிகள் உண்டு என்று எனக்கும் தெரியும். பாட்டியின் பெட்டியையும் ஓர் ஆணியால் திறந்திருக்கலாம்தானே?

கடவுச்சொல்லும் எல்லாருக்கும் மாற்றியாகிவிட்டது. எனக்கு எதுக்குய்யா என்று கேட்ட அம்மாதான் முதலில் மாற்றினார். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்கிறார். அதில் முருகன் இருக்கிறாரா என்றுகூடத் தெரியவில்லை.

போன மாதம் புதுப் பிரிண்டருக்கு மென்பொருள் ஏற்ற வேண்டியிருந்தது. அம்மா உறையை எடுத்துவந்து, கையெழுத்து ஐந்தும் ஒழுங்காக இருக்கிறதா என்று கண்ணாடி போட்டுப் பார்த்த பிறகே கிழிக்க விட்டார். வேலை முடிந்ததும் அப்பாவும் தங்கச்சியும் புதுக் கடவுச்சொல் வைத்தார்கள். தம்பி இன்னோர் அங்பாவ் உறை தேடிக் கொண்டுவந்தான், கையெழுத்துப் போட்டோம். நான் பிரிண்டரைச் சோதிக்க ஏதாவது அச்சடிக்கலாமா என்று கேட்டேன். தங்கச்சி தன் கணக்கில் நுழைந்து பள்ளிக் கட்டுரை ஒன்றை அச்சடித்தாள். அவள் கடவுச்சொல்லைத் தட்டும்போது நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த நான்கு கோப்புகளும் இன்னும் உள்ளே இருக்கின்றனவா என்று எனக்குத் தெரியாது.